கியாசம்பள்ளி தந்த முதலமைச்சர்

ஆண்டு விழா மலரில் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுதல் நன்மரபாகும். தாயகத்துச் சான்றோர் பலரை நாம் நம் மேடைகளில் ஆண்டுதோறும் போற்றி வருகின்றோம். அது நம் கடமை. ஆயின், நம் முன்னோர் வந்து குடியேறிய இந்த மண்ணிலே பிறந்து, நம் வாழ்வின் போக்கையும் மாற்றியமைத்த பெரியோரும் உளர். அவர்களை நம் பிள்ளைகள் அறியாதிருத்தல் பெருங்குறையாகும். அக்குறையைச் சிறிதேனும் நீக்கும் நோக்குடன், மைசூர் இராச்சியத்தின் முதல் முதலமைச்சராக விளங்கிய திரு. கே. சி. ரெட்டி அவர்களின் வரலாற்றை இங்கே சுருக்கமாக எழுத முற்படுகின்றோம்.

அவரது முழுப் பெயர் கியாசம்பள்ளி செங்கலராய ரெட்டி. கோலார் மாவட்டத்திலே, நம் தங்கவயலுக்கு அண்மையில் உள்ள கியாசம்பள்ளி என்னும் சிற்றூரில் 1902ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் அவர் பிறந்தார். அந்த ஆண்டு தங்கவயல் வரலாற்றிலும் மறக்கவியலாத ஆண்டாகும். சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் ஆக்கப்பட்ட மின்சாரம், 90 மைலுக்கு மேற்பட்ட தொலைவைக் கம்பி வழியே கடந்து, நம் சுரங்கங்களுக்கு வந்து சேர்ந்ததும் அவ்வாண்டிலேதான். சுரங்கத்தில் மின்விளக்கு எரியத் தொடங்கியபோது, அருகிலிருந்த சிற்றூரில் ஒரு குழந்தை தொட்டிலில் உறங்கிக் கொண்டிருந்தது. அக்குழந்தை வளர்ந்து நாட்டை ஆளும் என்று அன்று யார் நினைத்திருக்கக் கூடும்?

அக்காலத்து ஆட்சி முறை

ரெட்டி அவர்கள் ஆற்றிய பணியின் அருமையை உணர வேண்டுமாயின், அவர் இளைஞராயிருந்த காலத்தில் இந்நாடு எவ்வாறு ஆளப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மைசூர் ஒரு சமஸ்தானம். மகாராஜா அரசர், அவரால் நியமிக்கப்பட்ட திவான் ஆட்சி நடத்துபவர். இவ்விருவருக்கும் மேலே ஆங்கில அரசு.

பிற சமஸ்தானங்களோடு ஒப்பிடுகையில் மைசூர் முன்னேறிய நாடு என்பதில் ஐயமில்லை. செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்து மைசூர்த் திவானாக உயர்ந்த ரங்காசார்லு, 1881ஆம் ஆண்டிலேயே 144 உறுப்பினர் கொண்ட பிரதிநிதி சபை ஒன்றைக் கூட்டுவித்தார். 1907இல் சட்டசபை ஒன்றும் தோன்றியது. எனினும் இச்சபைகளுக்குள் நுழைந்தோர் பெரும்பாலும் நிலமும் பொருளும் கல்வியும் உடையோரே. அவர்கள் குறைகளை எடுத்துரைக்கலாம், கேள்வி கேட்கலாம், வாதாடலாம். ஆனால் திவானைப் பதவியிலிருந்து இறக்க அவர்களால் இயலாது. மக்கள் விரும்பினும் வெறுப்பினும், அரசர் விரும்பும் வரையில் திவான் ஆளுவார். நல்ல திவான் வாய்த்தால் நாட்டுக்கு நற்காலம்; அல்லாதவர் வாய்த்தால் மக்கள் பொறுத்திருக்க வேண்டியதுதான்.

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைப்பு நாடி வந்த நம் முன்னோரின் நிலை இதனினும் தாழ்ந்தது. நிலமில்லை, வரி செலுத்தும் வசதியில்லை, ஆகவே வாக்குமில்லை. சுரங்கக் கம்பெனி ஒருபுறமும் சமஸ்தானக் காவல்துறை மறுபுறமுமாக அவர்களது வாழ்வு நடந்தது. 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது, அதனை இழிவெனக் கருதிய நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினர். தங்கள் சொல்லைக் கேட்க வைப்பதற்கு அவர்களிடமிருந்த கருவி அஃதொன்றேயாம்.

பொறுப்பாட்சிக் கோரிக்கை

சட்டம் பயின்ற ரெட்டி அவர்கள், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் நண்பர்களுடன் சேர்ந்து பிரஜா பட்சம் என்னும் கட்சியைத் தோற்றுவித்தார். பின்னர் அது வேறொரு கட்சியுடன் இணைந்தது. 1937இல் காங்கிரசில் கலந்தது. மைசூர்க் காங்கிரசின் தலைமைப் பொறுப்பு அவ்வாண்டிலும், மீண்டும் 1946-47இலும் அவரை வந்தடைந்தது.

அவர்களின் கோரிக்கை பொறுப்பாட்சி என்னும் ஒரே சொல்லில் அடங்கும். அரசர் இருக்கட்டும், அரியணையும் இருக்கட்டும்; ஆனால் ஆட்சி செய்வோர் மக்களின் பிரதிநிதிகளுக்குப் பொறுப்புடையோராய் இருத்தல் வேண்டும், அவர்கள் நம்பிக்கையை இழந்தால் பதவியையும் இழத்தல் வேண்டும் என்பதே அதன் பொருள். எளிய கோரிக்கைதான். ஆயினும் அதற்கு உயிர்களை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. 1938 ஏப்ரலில் சிவபுரத்தில் தடையை மீறிக் கொடியேற்றினர். அதே மாதம் 25ஆம் நாள், அன்று கோலார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த விதுராசுவத்தத்தில் கூடியிருந்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டனர். சர்தார் படேலும் ஆச்சாரிய கிருபளானியும் மைசூருக்கு வந்து திவான் மிர்சா இஸ்மாயிலுடன் பேசிய பிறகே கொடிப் பிணக்கு ஓய்ந்தது. பொறுப்பாட்சியோ அப்போதும் வரவில்லை.

எட்டாண்டுகளுக்குப் பின் தங்கவயலிலும் இரத்தம் சிந்தியது. 1946ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் காவல் படையினரின் தாக்குதலில் சுரங்கத் தொழிலாளர் அறுவர் உயிரிழந்தனர். அந்த நாளைத் தியாகிகள் நாளாக நம் மக்கள் நினைவு கூர்வதை நாம் அனைவரும் அறிவோம். அன்று அவ்வறுவரின் குடும்பத்தார் யாரிடம் சென்று நீதி கேட்டிருக்க முடியும்? அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. அவர்களுக்கு விடை கூறக் கடமைப்பட்ட அமைச்சரும் இல்லை. பொறுப்பாட்சி இல்லாத நாட்டில் ஏழையின் நிலை இதுவே.

விடுதலைக்குப் பின்னும் ஒரு போராட்டம்

1947 ஆகஸ்டு 15ஆம் நாள் நாடெங்கும் மணிக்கொடி பறந்தது. மைசூர் அதற்கு ஆறு நாட்களுக்கு முன்பே இந்திய ஒன்றியத்தில் சேர ஒப்பமிட்டிருந்தது. ஆனால், சென்னையிலும் பம்பாயிலும் மக்கள் அமைச்சர்கள் ஆண்டு கொண்டிருக்க, மைசூரில் திவான் ஆட்சியே நீடித்தது. ஆங்கிலேயர் போனார்கள், ஆட்சி மக்களிடம் வரவில்லை. விடுதலை வேறு, குடியாட்சி வேறு என்பதை மைசூர் மக்கள் கண்கூடாகக் கண்டது அப்பொழுதுதான்.

செப்டம்பர் முதல் நாள் மைசூர் நோக்கிச் செல்வோம் என்னும் அறப்போர் தொடங்கியது. காங்கிரசுத் தலைவராயிருந்த ரெட்டி அவர்களும் பிற தலைவர்களும் சிறைப்பட்டனர். மாணவர், தொழிலாளர், உழவர் எனப் பல்லாயிரவர் திரண்டனர், சிறைகள் நிறைந்தன. ஆறு வாரங்கள் கடந்தன. மகாராஜா ஜெயசாமராஜ உடையார் அப்போது இருபத்தெட்டு வயது இளைஞர். கல்வியும் கலையுணர்வும் மிக்கவர். அக்டோபர் 12ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. சிறையிலிருந்து வெளிவந்த ரெட்டி அவர்கள், அதே மாதம் 25ஆம் நாள் முதலமைச்சராகப் பதவியேற்றார்.

அவரது அமைச்சரவையில் எச். சி. தாசப்பா, கே. டி. பாஷ்யம் போன்ற காங்கிரசுத் தலைவர்களுடன் காங்கிரசு அல்லாத அமைச்சர்களும் அமர்ந்திருந்தனர். திவான் ஆர்க்காடு இராமசாமி முதலியார் அவர்களும் உடனே விலகிவிடவில்லை. மகாராஜாவுக்கும் அமைச்சரவைக்கும் இடையே பாலமாக 1949 வரையில் இருந்து வந்தார். நேற்றுவரை சிறை வைத்த ஆட்சியின் தலைவரும், நேற்றுவரை சிறையிலிருந்த தலைவரும் அடுத்தடுத்து அமர்ந்து அரசு நடத்தும் நிலை எளிதன்று. அதனைப் பிணக்கின்றி நடத்திச் சென்ற பொறுமை ரெட்டி அவர்களுக்கு இருந்தது.

அமெரிக்க நாடும் மைசூரும்

இவ்விடத்தில் நம் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளை நினைவு கூர்தல் பொருந்தும். அந்நாடு 1776இல் விடுதலையை அறிவித்தது. ஆனால் அன்றே உறுதியான குடியரசு அங்கே அமைந்துவிடவில்லை. பதின்மூன்று நாடுகளும் தத்தம் அதிகாரத்தைக் கைவிட மனமின்றித் தனித்தனியே நின்றன. மத்திய சபைக்கு வரி விதிக்கும் உரிமைகூட இல்லை. 1787இல் பிலடெல்பியா நகரில் கூடிப் புதிய அரசியல் சட்டம் வகுத்த பின்னரே, 1789இல் ஜார்ஜ் வாஷிங்டன் முதல் குடியரசுத் தலைவரானார். ரோடு தீவு என்னும் சிறு நாடு பிலடெல்பியாவுக்குப் பிரதிநிதியை அனுப்பவே மறுத்து, 1790இல்தான் ஒன்றியத்தில் சேர்ந்தது.

இதே வினா 1947க்குப் பின் மைசூர் முன்னும் நின்றது. மைசூருக்கெனத் தனி அரசியல் நிர்ணய சபை அமைக்கப்பட்டது. தனிச் சட்டம் வகுத்துக் கொள்ள உரிமையும் இருந்தது. சொந்தப் படை, சொந்த இரயில்வே, சொந்த வரிவருவாய் எல்லாம் இருந்தன. போராடிப் பெற்ற அதிகாரம் கையில் சேர்ந்து ஈராண்டுகூட ஆகாத நிலையில், அதில் ஒரு பகுதியைத் தில்லிக்குக் கொடுக்க எந்த முதலமைச்சருக்கு மனம் வரும்? ரெட்டி அவர்களோ இந்திய அரசியல் நிர்ணய சபையிலும் மைசூரின் பிரதிநிதியாக அமர்ந்தவர். மைசூருக்கு வேறொரு சட்டம் வேண்டுவதில்லை, இந்தியா முழுமைக்கும் வகுக்கப்படும் சட்டமே போதும் என்ற முடிவு அவர் ஆட்சிக் காலத்தில் எடுக்கப்பட்டது. 1949 நவம்பர் 25ஆம் நாள் மகாராஜா அதனை ஏற்று அறிக்கை வெளியிட்டார். 1950 சனவரி 26ஆம் நாள் மைசூர் இந்தியக் குடியரசின் இராச்சியங்களுள் ஒன்றாயிற்று, மகாராஜா இராஜப்பிரமுகரானார். படை இந்தியப் படையிலே கலந்தது. இரயில்வே மத்திய அரசைச் சேர்ந்தது.

அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. போர்க் காலத்தில் தனித்தனி நாடுகள் பட்ட கடனை 1790இல் மத்திய அரசு தன் தலையில் ஏற்றுக் கொண்டது. ஹாமில்டன் அதனை வற்புறுத்தினார். கடனைப் பெரும்பாலும் அடைத்துவிட்ட வர்ஜீனியா போன்ற நாடுகள் முதலில் முரண்டு பிடித்தன. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்ற கணக்கு எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. கூட்டுக் குடும்பம் நிலைக்க வேண்டுமாயின், தன் பங்கில் சிறிது விட்டுக் கொடுப்பவர் ஒருவராவது வேண்டும்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாட்டையும் நாம் மறத்தலாகாது. அமெரிக்கக் குடியரசு பிறந்தபோது வாக்குரிமை பெரும்பாலும் சொத்துடைய வெள்ளை ஆடவருக்கே இருந்தது. பெண்களுக்கு இல்லை, அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்களுக்கு இல்லவே இல்லை. அக்குறைகளைக் களைய அந்நாட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இந்தியக் குடியரசோ, இருபத்தோரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் முதல் நாளிலேயே வாக்கை வழங்கியது. 1951-52 பொதுத் தேர்தலில் நாடெங்கும் ஏறத்தாழ 17 கோடிப் பேர் வாக்காளர் பட்டியலில் இருந்தனர். சுரங்கத்தின் அடியில் பாறை உடைத்த நம் பாட்டனாரும், லைன் வீட்டில் அடுப்பூதிய நம் பாட்டியாரும் அப்பட்டியலில் இடம்பெற்றவரே. கைரேகை வைப்பதை இழிவெனக் கருதி 1930இல் போராடியவர்கள், இருபத்திரண்டு ஆண்டுகளில் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுடையவராயினர்.

பதவியை விட்டிறங்கிய பண்பு

அவ்வுரிமையை நம்மவர் எவ்வாறு பயன்படுத்தினர்? மைசூர்ச் சட்டசபையின் 99 இடங்களுள் 74ஐக் காங்கிரசு வென்றது. ஆனால் முதலமைச்சரின் சொந்த ஊருக்கு அண்மையிலுள்ள தங்கவயலில் இரண்டு இடங்களும் காங்கிரசுக்குக் கிட்டவில்லை. ஒன்றைக் கம்யூனிஸ்டுக் கட்சியும், மற்றொன்றைத் தாழ்த்தப்பட்டோர் சம்மேளனமும் பெற்றன. அதற்குக் காரணமும் உண்டு. ரெட்டி அவர்கள் ஆண்ட நாலரை ஆண்டுகளில் சுரங்கம் கம்பெனியின் கையிலேயே இருந்தது. தூசியால் நுரையீரல் கெட்டு மாண்டோரின் துயரமும் தீரவில்லை. மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது 1956இலேதான். மக்கள் தங்கள் குறையை வாக்கால் உரைத்தனர். அதற்காக எவரும் அவர்களைத் தாக்கவில்லை; எவரையும் சிறையிடவில்லை. 1946க்கும் 1952க்கும் இடையே நேர்ந்த மாறுதல் இதுவாகும்.

ரெட்டி அவர்களுக்குத் தம் கட்சிக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. கெங்கல் அனுமந்தையா தலைமையில் ஒரு சாரார் அவரது ஆட்சியைக் குறை கூறி வந்தனர். தேர்தலுக்குப் பின் சட்டசபைக் காங்கிரசு அனுமந்தையாவையே தலைவராகத் தேர்ந்தது. 1952 மார்ச்சு 30ஆம் நாள் ரெட்டி அவர்கள் பதவியிலிருந்து இறங்கினார். தாமே சிறை சென்று பெற்ற ஆட்சியைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறினார். இரு முறை பதவி வகித்த வாஷிங்டன் 1797இல் விலகித் தம் பண்ணைக்குத் திரும்பியதையும், தேர்தலில் தோற்ற ஆடம்ஸ் 1801இல் தம்மை வென்ற ஜெபர்சனுக்கு வழிவிட்டதையும் உலகம் போற்றுகின்றது. அரசர் ஆட்சியே வழக்கமாயிருந்த மைசூரில், முதல் முதலமைச்சர் அமைதியாக விலகி இரண்டாமவர் அமர்ந்ததும் அதற்குக் குறைந்த நிகழ்ச்சியன்று.

தில்லியும் போபாலும்

நேரு அவர்கள் ரெட்டி அவர்களைத் தில்லிக்கு அழைத்து உற்பத்தித் துறை அமைச்சராக்கினார். மாநிலங்களவையில் இருந்து பணியாற்றிய அவரை, 1957இல் கோலார்த் தொகுதி மக்களவைக்கு அனுப்பியது. பின்னர்ப் பொதுப்பணி, வீட்டுவசதித் துறையையும் வாணிகத் தொழில் துறையையும் அவர் ஏற்று நடத்தினார்.

1965இல் மத்தியப் பிரதேச ஆளுநராக நியமிக்கப்பட்டு 1971 வரையில் அப்பதவியில் இருந்தார். அங்கே அவருக்கு ஒரு சோதனை காத்திருந்தது. 1967 சூலையில் காங்கிரசு உறுப்பினர் முப்பதின்மருக்கு மேல் கட்சி மாறவே, முதலமைச்சர் துவாரகா பிரசாத் மிசிராவின் ஆட்சி ஆட்டங்கண்டது. சட்டசபைக் கூட்டத்தை முடித்துவைக்குமாறு மிசிரா ஆளுநருக்கு ஆலோசனை கூறினார். ரெட்டி அவர்கள் அவ்வாறே செய்தார். எதிர்க்கட்சியினர் அதனைக் கடுமையாகக் கண்டித்தனர். பெரும்பான்மையை இழந்து கொண்டிருக்கும் அமைச்சரின் சொல்லைக் கேட்கலாமா என்பது அவர்கள் வாதம். பதவியிலிருக்கும் அமைச்சரின் சொல்லைத் தள்ளும் ஆளுநர் பழைய மகாராஜாவாகி விடமாட்டாரா என்பது மறுசாரார் வாதம். இரண்டிலும் பொருளுண்டு. சில நாட்களில் மிசிரா விலகினார். கட்சி மாறியவர்களின் தலைவர் கோவிந்த நாராயண சிங் முதலமைச்சரானார். அமைச்சர் சொற்படி அரசர் நடத்தல் வேண்டும் என்று இளமையில் போராடியவர், முதுமையில் தாமே அரசரின் இடத்தில் அமர்ந்து அவ்விதிக்குக் கட்டுப்பட்டார். அவர் செய்தது சரியா தவறா என்பதை அரசியல் அறிஞர்கள் ஆராயட்டும். தாம் கேட்ட விதியைத் தமக்கும் பொருத்திக் கொண்டார் என்பதை மட்டும் நாம் குறித்து வைப்போம்.

1976 பிப்ரவரி 27ஆம் நாள் ரெட்டி அவர்கள் இயற்கை எய்தினார்.

நமக்கு அவர் வரலாறு கூறுவது

அவர் மறைந்து அரை நூற்றாண்டாகின்றது. மைசூர் இராச்சியம் 1973இல் கர்நாடகம் எனப் பெயர் பெற்றது. மாநில அரசிடமிருந்து 1962இல் மத்திய அரசுக்குச் சென்ற நம் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. சங்கொலி கேட்டு வேலைக்குச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்குச் செல்கின்றனர். பூமியின் அடியிலிருந்து நம் முன்னோர் எடுத்துக் கொடுத்த தங்கத்தில் ஒரு குன்றிமணியும் நம் வீடுகளில் தங்கவில்லை.

தங்கியது ஒன்றுண்டு, அது வாக்கு. தமிழ் பேசுவோன், கன்னடம் பேசுவோன், தெலுங்கு பேசுவோன் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. நிலமுடையோனா, லைன் வீட்டில் குடியிருப்போனா என்றும் கேட்பதில்லை. அதனைப் பெற்றுத் தந்தவர்களுள் விதுராசுவத்தத்தில் மாண்டவர்களும் உண்டு. நம் தங்கவயலில் மாண்ட அறுவரும் உண்டு. சிறை சென்று, ஆட்சி பெற்று, நேரம் வந்தபோது அதனை விட்டிறங்கிய கியாசம்பள்ளிக்காரரும் உண்டு. வேலைவாய்ப்பு, குடியிருப்பு, குடிநீர், பள்ளி என நமக்கு இன்று எத்தனையோ குறைகள் உள. அவற்றைக் கேட்பதற்கு இன்று நமக்கோர் உறுப்பினர் இருக்கின்றார். அவர் விடை கூறக் கடமைப்பட்டவர். கேளாதிருந்தால் குற்றம் நம்முடையது.

ஆகவே, தேர்தல் நாளன்று வேலை மிகுதியென்றும் இரயிலுக்கு நேரமாயிற்றென்றும் கூறி வாக்குச் சாவடிக்குச் செல்லாதிருக்கும் இளைஞர் எவரேனும் நம் குடும்பங்களில் இருப்பின், பெரியோர் அவர்களை அருகில் அமர்த்தி இவ்வரலாற்றைச் சொல்வார்களாக. கியாசம்பள்ளி தொலைவில் இல்லை. ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டி வருதலும் நன்றேயாம்.